இரண்டேகால் மணிக்கு நன்றாக இருந்தார்

இது நடந்தது. நம்புங்கள் என்று யாரிடமும் கெஞ்சப் போவதில்லை. முப்பத்தோரு வருடம் நரம்பியல் மருத்துவராக இருந்தவள் நான். அதில் இருபது வருடம் பக்கவாதம் மட்டும்தான். பாடம் எடுத்தேன், ஆய்வு செய்தேன், மேடைகளில் படம் போட்டுப் பேசினேன். இல்லாத ஆளைப் பார்த்தேன் என்று ஒரு நோயாளி சொன்னால், மூளையில் எந்த இடம் என்று யோசிக்கிற ஜாதி. அதனால் முதல் வேலையாக என் தலையைத்தான் ஸ்கேன் எடுத்துப் பார்த்தேன். வயதுக்கு ஏற்ற சுருக்கம். வேறு ஒன்றும் இல்லை.

பேய் வருகிற நேரம்கூட இல்லை அது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு முப்பத்தெட்டு. ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில்.

நிமிடக் கணக்காகச் சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள். எங்கள் தொழிலே நேரம்தான். மூளைக்குப் போகும் குழாயில் ரத்தம் கட்டி அடைத்துக்கொண்டால், அதைக் கரைக்க ஒரு மருந்து உண்டு. நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தால் சிலர் எழுந்து நடந்து வீட்டுக்குப் போவார்கள். தாமதமாகக் கொடுத்தால், செத்துப்போன பகுதிக்குள் ரத்தம் கசியும். அதே மருந்து, அதே அளவு. கடிகாரம் மட்டும்தான் வேறு. அதனால் பக்கவாதம் என்று யாரைக் கொண்டுவந்தாலும் பெயர், வயதெல்லாம் அப்புறம். முதல் கேள்வி ஒன்றுதான். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்? பார்த்தது யார்?

அப்போது ஓர் ஆய்வு நடத்திக்கொண்டிருந்தேன். அந்த மருந்தைக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தாலே போதுமா என்று பார்ப்பது. இருநூற்று நாற்பது பேர் தேவை. ஐந்து வருடத்தில் இருநூற்று முப்பத்தொன்பது பேர் ஆகியிருந்தார்கள். மாதக் கடைசிக்குள் முடிக்காவிட்டால் ஆய்வுக்கான அனுமதி காலாவதியாகிவிடும். இன்னும் ஒருவர் வேண்டும். அதாவது, ஊரில் யாரோ ஒருவருக்கு மூளை அடைத்துக்கொள்ள வேண்டும் என்று காத்திருந்தேன். இப்போது எழுதும்போது அது உறைக்கிறது என்று சொல்லத்தான் ஆசை. உறைக்கிறதா என்று தெரியவில்லை.

என் கணவர் பள்ளியில் இயற்பியல் வாத்தியார். ஒருமுறை சொன்னார், "செத்துப்போனவங்களைப் பத்திக் கேட்டா மார்க் ஷீட் வாசிக்கிற மாதிரி சொல்றே." சண்டை போடவில்லை. உண்மைதான் என்று நினைத்துக்கொண்டு துணி மடித்தேன்.

அன்று நாலு முப்பத்தெட்டுக்கு ஆம்புலன்ஸில் வந்தவர் பேருந்தில் டிக்கெட் பரிசோதகர். ஐம்பத்தாறு வயது. ஒற்றை ஆள். ஒரு வீட்டின் மாடியில் வாடகைக்கு இருந்தார். இடது கை, இடது கால் விழுந்துவிட்டன. வாய் கோணியிருந்தது. தலையும் கண்ணும் வலது பக்கமே திரும்பி நின்றன. மூளையின் வலது பாதி அடைத்துக்கொண்டால் அப்படித்தான். இடது பக்கம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. இடது பக்கம் நின்று கூப்பிட்டாலும் வலது பக்கம்தான் தேடுவார்கள். தனக்கு நோய் என்பதும் தெரியாது.

"என்னங்க பண்ணுது?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லையே." நாக்கு குழறியது. "நீங்க டிக்கெட் எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு. இந்தக் கையைத் தூக்குங்க."

"தூக்கிட்டேனே." கை கட்டிலில் கிடந்தது.

"எத்தனை மணிக்கு இப்படி ஆச்சு?"

"எப்படி ஆச்சு?" என்றார். அவரிடம் கேட்டுப் பயன் இல்லை.

பணியிலிருந்த நர்ஸ் பதினைந்து வருடமாக என்னோடு இருப்பவள். "ஆள் இல்லாத கேஸ், மேடம். கீழ் வீட்டுக்காரர்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணாராம். போன் எடுக்க மாட்டேங்கிறார்," என்றாள்.

நேரம் தெரியாவிட்டால் மருந்து இல்லை. மருந்து இல்லாவிட்டால் அவருக்கு அந்தக் கையும் காலும் இல்லை. எனக்கு இருநூற்று நாற்பதாவது ஆளும் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் மனதில் ஓடின. எது முதலில் ஓடியது என்று சொல்ல மாட்டேன்.

நாலு ஐம்பத்திரண்டுக்கு ஸ்கேன். ரத்தக் கசிவு இல்லை. ஆனால் வலது பக்கம் மிக லேசாக ஒரு சாம்பல் நிறம். அடைப்பு வந்து பல மணி நேரம் ஆனால் தெரிகிற நிறம். கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். இருப்பதுபோலும் இருந்தது. இல்லாததுபோலும் இருந்தது.

ஐந்து மணி நாலு நிமிடம். கட்டிலைத் திரும்ப அறைக்குள் தள்ளிக்கொண்டு வந்தோம்.

அங்கே ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார்.

அறுபது வயது இருக்கும். கட்டிலுக்கு இடது பக்கம், சுவரோரமாகப் போட்டிருந்த ஸ்டூலில். சாம்பல் நிறப் புடவை, தலை படிய வாரியிருந்தது. வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்து மடியில் வைத்திருந்தார். முழங்கை மடிப்பில் பஞ்சு வைத்து ஒட்டிய பிளாஸ்திரி. ரத்தப் பரிசோதனைக்கு வந்த இடத்தில் தகவல் தெரிந்து ஓடி வந்திருப்பார் என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். கேட்கவில்லை. எனக்கு வேண்டியது ஒரே ஒரு பதில்.

"அம்மா, இவரை நல்லா இருக்கும்போது கடைசியாப் பார்த்தது எப்போ?"

"ரெண்டேகால்," என்றார்.

யோசிக்கவே இல்லை. எல்லோரும் யோசிப்பார்கள். நாடகம் ஆரம்பித்த நேரம், கரண்ட் போன நேரம், பையன் போன் பண்ண நேரம் என்று எதையாவது பிடித்துத்தான் நேரத்துக்கு வருவார்கள். இந்த அம்மா மணி பார்த்துச் சொல்வதுபோலச் சொன்னார்.

"நிச்சயமாவா?"

"சாப்பிட்டாரு. தட்டைக் கழுவிக் கவுத்து வெச்சாரு. ரெண்டு கையாலயும். அப்புறம்தான் சாஞ்சாரு. ரெண்டேகால்."

இரண்டு கையாலும் என்று சேர்த்துச் சொன்னார். நான் அடுத்துக் கேட்கப் போகிற கேள்வியே அதுதான்.

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"வேண்டியவதான்."

படிவத்தில் 'உறவினர்' என்று எழுதினேன்.

இரண்டேகால் என்றால் இன்னும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கையில் இருக்கிறது. ஸ்கேனில் பார்த்த சாம்பல் நிறத்தை மறுபடி நினைத்துப் பார்த்தேன். இப்போது அது இல்லாததுபோலவே இருந்தது. ஸ்கேன் பொய் சொல்லாது, கூட வருகிறவர்கள் சொல்வார்கள் என்று வருடா வருடம் வகுப்பில் சொல்கிறவள் நான்.

ஒப்புதல் படிவத்தை நீட்டினேன். ஆபத்துகளைச் சொன்னேன். நூற்றில் ஆறு பேருக்குத் தலைக்குள் ரத்தம் கசியலாம் என்றேன். அந்த அம்மா நான் சொல்லச் சொல்ல உதட்டை அசைத்தார். மனப்பாடம் ஒப்பிப்பதுபோல, என்னைவிட ஒரு சொல் முன்னால்.

கையெழுத்துப் போடும்போது காகிதம் நழுவிக்கொண்டே போனது. இடது கையால் அதைப் பிடிக்கவில்லை அவர். நான்தான் காகிதத்தை அழுத்திப் பிடித்தேன். தெருவில் எதிரே வருகிறவர் கை வீசுவதைப் பார்த்தே நோய் சொல்கிறவள். இதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டேன்.

எழுதும்போது அவருடைய விரல் என் விரல்மேல் பட்டது.

பட்டதைக் கண்ணால் பார்த்தேன்.

ஆனால் படவில்லை.

ஐந்து இருபதுக்கு மருந்து ஏற ஆரம்பித்தது. முதலில் ஒரு பங்கை ஊசியில் நேராகக் கொடுப்போம். மீதி ஒரு மணி நேரம் பம்ப் வழியாக ஏறும். டிக்... டிக்... என்று அது மட்டும்தான் சத்தம். நர்ஸ் பக்கத்துக் கட்டிலுக்கும் இதற்கும் நடந்துகொண்டிருந்தாள். கால் மணிக்கு ஒருமுறை கை, கால், பேச்சு எல்லாம் பார்த்து எழுத வேண்டும்.

கணவரின் போன். "சாப்பாடு எடுத்து வைக்கட்டா, இல்ல அங்கேயே குடித்தனமா?"

"ஒரு கேஸ் வந்திருக்கு."

"இருநூத்து நாப்பதா?"

"ஆமா."

"வாழ்த்துகள்," என்றார். குரலில் என்ன இருந்தது என்று கவனிக்கவில்லை.

ஐந்து முப்பத்தைந்து.

"கையைத் தூக்குங்க பார்க்கலாம்."

மாற்றம் இல்லை. ஆனால் பரிசோதகர் என்னைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பியிருந்தார். இடது பக்கம்.

திருப்ப முடியாத பக்கம்.

நல்ல அறிகுறி, மருந்து வேலை செய்கிறது என்று நினைத்தேன். உடனே அவர் கண்ணுக்கு நேராக, இடது பக்கம், என் விரலை நீட்டி ஆட்டினேன். தெரியவில்லை. பேனா விளக்கைக் காட்டினேன். தெரியவில்லை. அந்தப் பக்கம் எதுவுமே தெரியவில்லை அவருக்கு.

அந்த அம்மாவை மட்டும் தெரிந்தது.

"யாரும்மா இது? டிக்கெட் இல்லாம உக்காந்திருக்காங்க," என்றார்.

"உங்க சொந்தக்காரங்கதானே?"

"எனக்கா?" கோணிய வாயால் சிரித்தார். "டிக்கெட் எடுக்காதவன் பூரா என் சொந்தம்தான்."

எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த அம்மாவைப் பார்த்தேன். அவரும் சிரித்தார்.

பாதி முகத்தால்.

வாயின் வலது ஓரம் மட்டும் மேலே போனது. இடது ஓரம் அப்படியே நின்றது.

நர்ஸ் அந்தப் பக்கம் வந்தாள். ஸ்டூலைத் தாண்டிக் கையை நீட்டி, சுவரில் இருந்த ஸ்விட்சைப் போட்டாள். "கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்று சொல்லவில்லை. யாரிடமும் அதைச் சொல்லாமல் இருக்க மாட்டாள் அவள்.

ஐந்து ஐம்பது. மாற்றம் இல்லை.

அந்த அம்மா முதல் தடவையாக அவராகப் பேசினார்.

"எவ்வளவு போயிருக்கு?"

"பாதி."

"பாதியில நிறுத்தினா?"

"நிறுத்தக் கூடாதும்மா. முழுசாப் போகணும்."

"நிறுத்துவீங்க," என்றார்.

குரலில் கோபம் இல்லை. மிரட்டல் இல்லை. நேரம் சொன்னாரே, அதே குரல்.

டிக்... டிக்... டிக்...

என் கழுத்துக்குப் பின்னால் ஏதோ இறுகியது. அதை ஒரு நோயாளியின் கழுத்தைக் கவனிப்பதுபோலக் கவனித்தேன்.

ஆறு மணி ஒரு நிமிடம்.

கதவு திறந்தது. வியர்த்து விறுவிறுத்து ஒருவர் உள்ளே வந்தார். கையில் செருப்பு. கீழ் வீட்டுக்காரர்.

"எப்படிங்க இருக்காரு? போன் சார்ஜ் இல்லாமப் போச்சு. பஸ் வேற கிடைக்கல."

"மருந்து போயிட்டிருக்கு. ரெண்டேகாலுக்குத்தானே வந்திருக்கு, பயப்படாதீங்க."

"எது ரெண்டேகால்?"

படிவத்தில் நான் எழுதியிருந்த நேரத்தைப் பார்த்தேன்.

"காலையில பத்தே முக்காலுக்குத் தொப்புன்னு ஒரு சத்தம் கேட்டுதுங்க மேல. பீரோவைத்தான் இழுக்கறாரு போலன்னு விட்டுட்டேன். பாவி நான், விட்டுட்டேன். சாயங்காலம் மோட்டார் போடச் சொல்லப் போனா, கீழ கிடக்கறாரு. ஜில்லுன்னு கிடக்கறாரு."

"மத்தியானம் சாப்பிட்டாரே?"

"எங்க சாப்பிட? கடையில கட்டிட்டு வந்த காலை டிபனே பிரிக்காம மேஜை மேல இருக்கு."

பத்தே முக்கால்.

ஏழு மணி நேரம் பதினாறு நிமிடம்.

பம்பை நிறுத்தினேன்.

டிக் நின்றது.

"இந்த அம்மா..." என்று திரும்பினேன்.

ஸ்டூல் இருந்தது.

"எந்த அம்மா, மேடம்?" என்றாள் நர்ஸ்.

"இங்க உக்காந்திருந்தாங்களே. கையெழுத்துப் போட்டாங்களே."

நர்ஸ் என்னைப் பார்த்தாள். கீழ் வீட்டுக்காரரைப் பார்த்தாள். கையிலிருந்த குறிப்பேட்டைத் திருப்பிக் காட்டினாள். ஐந்து நாலு: உடன் வந்தவர் இல்லை. ஐந்து இருபது: உடன் வந்தவர் இல்லை. ஐந்து முப்பத்தைந்து: உடன் வந்தவர் இல்லை.

"நீங்க போன்ல யார்கிட்டயோ கேட்டு எழுதறீங்கன்னு நெனச்சேன், மேடம்," என்றாள்.

ஆறு பத்துக்குப் பரிசோதகர் தலை வலிக்கிறது என்றார். ஆறு பதினெட்டுக்கு வாந்தி. மறு ஸ்கேனில், நான் இல்லை என்று முடிவு செய்த அதே சாம்பல் இடம் முழுக்க வெள்ளை. ரத்தம் ஸ்கேனில் வெள்ளையாகத்தான் தெரியும்.

மறுநாள் விடியற்காலை ஐந்து இருபத்தைந்துக்கு இறந்தார். உடலைக் கீழ் வீட்டுக்காரர்தான் வாங்கிக்கொண்டு போனார். "பீரோன்னு நெனச்சேன்ங்க," என்று நாலைந்து முறை சொன்னார். உங்கள் தப்பு இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் போன பிறகு வீட்டுக்கு வந்து, மேஜையில் மூடி வைத்திருந்ததைச் சாப்பிட்டேன். உப்பு இருந்ததா என்று தெரியவில்லை.

கணவரிடம் எல்லாம் சொன்னேன். அந்த அம்மா உட்பட. கடைசி வரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அழணும் போல இருந்தா அழு," என்றார்.

"இல்ல," என்றேன். இருந்தால்தானே.

அந்த வாரம் ஸ்டூலில் ஒரு நாள் மாலை முழுக்க நானே உட்கார்ந்து பார்த்தேன். அங்கிருந்து கட்டில் தெரியும், பம்ப் தெரியும், படிவம் நிரப்புகிற மேஜை தெரியும். கடிகாரம் தெரியாது. அது நேர் பின்னால், தலைக்கு மேலே இருக்கிறது.

ஐந்து வாரம் கழித்து ஆய்வுத் தணிக்கைக்கு ஒரு பெண் வந்தாள். ஆய்வு முடிந்தால் வெளியிலிருந்து ஒருவர் வந்து எல்லாப் படிவங்களையும் ஒன்றுவிடாமல் பார்ப்பது வழக்கம். முப்பது வயது இருக்கும். கண்ணாடி, வெந்நீர் பாட்டில், நாலு நிறத்தில் ஒட்டுச் சீட்டு. இரண்டு நாள் என் அறையிலேயே உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினாள். மூன்றாம் நாள் மத்தியானம் என் பக்கம் நாற்காலியைத் திருப்பினாள்.

"மேடம், இருநூத்து நாப்பதாவது பேஷன்ட்டோட ஒப்புதல் படிவத்துல ஒரு குழப்பம் இருக்கு. தப்பா எடுத்துக்காதீங்க."

"சொல்லும்மா."

"உறவினர்னு கையெழுத்துப் போட்டிருக்காங்களே. அந்தப் பேரு ஏற்கெனவே நம்ம ஆய்வுல இருக்கு. நூத்திப் பதினேழாவது பேஷன்ட். அவங்களே சுயமாக் கையெழுத்துப் போட்டிருக்காங்க."

"ஒரே பேர் ரெண்டு பேருக்கு இருக்கலாமே."

"பேர் இருக்கலாம் மேடம்."

இரண்டு படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒரே கையெழுத்து. கடைசி எழுத்து இரண்டிலும் கீழே சரிந்து ஓடியிருந்தது. பிடிக்க ஆள் இல்லாமல் காகிதம் நழுவினால் எழுத்து அப்படித்தான் ஓடும். முதல் காகிதத்தை யாரும் பிடிக்கவில்லை. இரண்டாவதை நான் பிடித்திருந்தேன். இரண்டும் ஒரே மாதிரி ஓடியிருந்தன.

"இவங்க இறந்து ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு," என்றாள். "மருந்து கொடுத்த மூணாவது நாள். தலைக்குள்ள கசிவு."

பெயரைப் படித்தேன். அன்றும் இதே பெயரைப் படித்திருக்கிறேன். கையில் வைத்து, அழுத்திப் பிடித்து, படித்திருக்கிறேன். நூற்றுப் பதினேழு என்று சொல்லியிருந்தால் உடனே நினைவு வந்திருக்கும். வலது பக்க அடைப்பு. தனி ஆள். வேலை செய்த இடத்தில் மயங்கிக் கிடந்தவர். கட்டிலருகே நின்று எத்தனை மணிக்கு வந்தது என்று கேட்டேன். "தெரியலம்மா," என்றார். மறுபடி கேட்டேன். "தெரியலம்மா." மூன்றாவது முறையும் கேட்டேன். அந்த வருடம் ஆய்வில் ஆள் சேரவே இல்லை.

பரிசோதகருக்கும் அவருக்கும் என்ன தொடர்பு என்று பின்னால் விசாரித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஒரே தெரு இல்லை, ஒரே பேருந்து வழித்தடம்கூட இல்லை. அந்த மனிதர் யாருக்கும் எதுவும் செய்ததாகத் தெரியவில்லை. ஏன் அவர்? ஏன் நான் இல்லை? இன்றுவரை தெரியாது.

தணிக்கைக்கு வந்த பெண் பேனாவைத் திறந்தாள். நூற்றுப் பதினேழின் படிவத்தில் ஒரு கட்டத்தின் மேல் விரலை வைத்தாள்.

"இன்னொண்ணு மேடம். இதுல கடைசியா நல்லா இருந்த நேரம் எழுதியிருக்கு. உங்க கையெழுத்துதான். ஆனா பார்த்தது யாருங்கிற கட்டம் காலியா இருக்கு. நேரம் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல," என்றேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து அதை எழுதிக்கொண்டாள்.